பெண்கள் பக்கத்துக்கு ஒரு லென்ஸ்

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
12.5.2008

மரியே வாழ்க

திரு. ஆண்டனிராஜ் அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் அம்மாவும் நலம்.

இந்தக் கடிதம் ஒரு லென்ஸைப் பற்றியது. வேறு எதைப் பற்றியும் அல்ல. நீங்கள் திருப்பூர் போய் ஒன்றேகால் வருஷம் கழித்து எழுதுகிறவள் இப்படியா ஆரம்பிப்பாள் என்று நினைக்காதீர்கள். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த போட்டோகிராபர்கள் எல்லோரும் இனிமேல் எனக்குப் போட்டி. அவர்களிடம் போய் யோசனை கேட்க முடியாது. நமக்குக் கல்யாணம் ஆன பன்னிரண்டு வருஷத்தில் உங்களிடம் நான் சந்தேகப்படாத ஒரே விஷயம் உங்கள் தொழில். அதனால் கேட்கிறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் பேகம்பூரிலிருந்து கதீஜா பீ என்று ஒரு அம்மா போட்டோ எடுக்க வந்தார். எடுத்து முடித்ததும் கடைக்காரருக்குக் கேட்காமல் மெதுவாக, "கல்யாண வீட்டுக்கு வந்து பொம்பளைங்க பக்கம் போட்டோ எடுப்பியாம்மா?" என்று கேட்டார். அவருடைய இரண்டாவது மகள் ஷாகிராவுக்கு ஆகஸ்ட் 17ஆம் தேதி நிக்காஹ். மூத்த மகள் கல்யாணத்தில் ஆண் போட்டோகிராபர்தான் கிடைத்தாராம். அவரை உள்ளே விடவில்லை. மாப்பிள்ளைக்கும் பந்திக்கும் நூறு படம் இருக்கிறது, பெண்ணுக்கு ஒன்றுகூட இல்லை.

அவர் கணவர் அப்துல் கையூம் பாய் இரும்புக் கடை வைத்திருக்கிறார். அவரையும் பார்த்தேன். ஒரே நிபந்தனைதான் போட்டார்: எடுக்கிறதும் பெண், பார்க்கிறதும் பெண்கள். ஃபிலிம் ரோல் என்றால் லேபில் கழுவுகிறவர், பிரிண்ட் போடுகிறவர், கவரில் போடுகிறவர் எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் டிஜிட்டல்தான். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மதுரையில் ஒரு கடையில் லென்ஸ் மாற்றுகிற டிஜிட்டல் கேமரா பார்த்து வைத்திருக்கிறேன். உங்கள் பழைய ஃபிலிம் கேமராவின் கம்பெனிதான். கேமரா பாடியை முடிவு செய்துவிட்டேன். லென்ஸ்தான் குழப்பம். கடைக்காரர் ஒரு முழ நீள ஜூமைக் காட்டி, "இதை மாட்டிட்டு மண்டபத்துல போயி நில்லுங்க மேடம், அப்பத்தான் போட்டோகிராபர்னு மதிப்பாங்க" என்கிறார். கேமராவோடு சேர்த்து 18-55 என்று ஒரு சின்ன ஜூம் லென்ஸ் தருகிறார்கள். தனியாக, ஜூம் இல்லாத 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும் இருக்கிறது. ஒன்றுதான் இப்போதைக்கு வாங்க முடியும். எது?

போன் செய்திருக்கலாம். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரை நீங்கள் குறுக்கே வர முடியாது. பதிலையும் கடிதமாகவே எழுதுங்கள். பணத்தைப் பற்றி எழுத வேண்டாம், என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ரூபி


திருப்பூர்
17.5.2008

அன்புள்ள ரூபிக்கு,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்தேன். வக்கீல் நோட்டீஸைக் கையால் எழுத மாட்டார்கள் என்று பிறகுதான் உறைத்தது. பிரிக்காமலே ஒரு நாள் பையில் வைத்திருந்தேன்.

லென்ஸைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறாய். சரி.

அந்த முழ நீள ஜூம் வேண்டவே வேண்டாம். அது மயிலையும் கிரிக்கெட்டையும் எடுக்க. வீட்டுக்குள் வெளிச்சம் பத்தாது, படம் ஆடிவிடும். மதிப்பு வேண்டுமென்றால் பெரிய பையாக வாங்கிக்கொள்.

18-55ஐயும் நான் நம்புவதில்லை. சும்மா கொடுக்கிற லென்ஸ் சும்மாதான் இருக்கும். ஜூம் பண்ணப் பண்ண உள்ளே வரும் வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். 50தான் சரி. 1.8 வரைக்கும் கண்ணைத் திறக்கும், டியூப்லைட் வெளிச்சத்திலேயே முகம் பால் மாதிரி விழும். நான் இருபது வருஷமாக முகம் எடுத்தது 50இல்தான். கண்ணை மூடிக்கொண்டு வாங்கு.

நான் இங்கே ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குப் பனியன் படமெடுக்கிறேன். காலையில் பனியன், மத்தியானம் பனியன், சாயங்காலம் ஜட்டி. எதுவும் என்னிடம் கோபித்துக்கொள்வதில்லை. இது லென்ஸைப் பற்றியது இல்லை, மன்னித்துக்கொள்.

அத்தையைக் கேட்டதாகச் சொல். சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் சொல்லாதே.

அன்புடன்,
ஆண்டனிராஜ்


மேட்டுப்பட்டி
26.5.2008

திரு. ஆண்டனிராஜ் அவர்களுக்கு,

பதிலுக்கு நன்றி. நீண்ட ஜூமை விட்டுவிட்டேன். மனசுக்குள் முன்னாலேயே விட்டிருந்தேன், நீங்கள் சொன்னதும் உறுதியானது.

50ஐக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க எனக்கு விருப்பமில்லை. ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று கடையில் கேட்டேன். வாங்கினால்தான் வெளியே கொடுப்பார்களாம். அது நியாயம்தான். இன்னொன்று, நான் எடுக்கப்போகிற பாடிக்குள் மோட்டார் இல்லையாம். அந்த 50ஐ மாட்டினால் தானாக ஃபோகஸ் ஆகாது, கையால்தான் திருப்ப வேண்டும் என்கிறார். எனக்கு அது கஷ்டமில்லை. டார்க் ரூமில் உங்களுக்கு உதவியாக இருந்த காலத்திலேயே ஸ்டுடியோ கேமராவில் கையால் திருப்பிப் பழகியவள்தான். இருந்தாலும் கல்யாண வீட்டில் ஆட்கள் அசையாமல் நிற்க மாட்டார்கள்.

அம்மாவிடம் நீங்கள் கேட்டதாகச் சொன்னேன். "கேட்டாராக்கும்" என்றார். அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ரூபி


திருப்பூர்
2.6.2008

அன்புள்ள ரூபிக்கு,

இத்துடன் பதிவுத் தபாலில் ஒரு பார்சல் வருகிறது. பழைய துண்டில் சுற்றியிருக்கிறேன், கத்தியால் கிழிக்காமல் கையால் பிரி. உள்ளே என்னுடைய 50. கேமராவை வாங்கும்போது இதை மாட்டிப் பார். பிடித்தால் நீயே வைத்துக்கொள். இங்கே பனியனுக்கு வேறு லென்ஸ் கம்பெனியில் கொடுத்திருக்கிறார்கள்.

பின்பக்கக் கண்ணாடியில் ஒரு மயிர் அளவு கீறல் இருக்கும், படத்தில் வராது. ஃபோகஸ் வளையம் இன்னும் வழவழப்பாகத் திரும்பும்.

இது எந்த லென்ஸ் என்று உனக்குத் தெரியும். சிறுமலையில் உன் படத்தை எடுத்த லென்ஸ்.

அன்புடன்,
ஆண்டனிராஜ்


மேட்டுப்பட்டி
16.6.2008

ஆண்டனிராஜ் அவர்களுக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. இதை அன்பளிப்பாக வாங்கிக்கொள்ள மாட்டேன். இரவலாக வைத்துக்கொள்கிறேன்.

கேமராவைப் போன வாரம் வாங்கிவிட்டேன். பாடி மட்டும். உங்கள் 50ஐ மாட்டிக்கொண்டு சனிக்கிழமை கையூம் பாய் வீட்டுக்குப் போனேன். கல்யாணத்தன்று பெண்ணை உட்காரவைக்கப்போகிற அறையைக் காட்டினார்கள். பத்தடிக்கு எட்டடி. ஒரு பக்கம் பீரோ, இன்னொரு பக்கம் மெத்தைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஷாகிராவையும் அவள் அம்மாவையும் சுவரோரம் உட்காரச் சொல்லிவிட்டு நான் எதிர்ச் சுவரில் முதுகு ஒட்ட நின்றேன். இரண்டு பேரும் ஃபிரேமுக்குள் வரவில்லை. ஒரு ஆளின் தலையும் தோளும்தான் வருகிறது. இன்னும் பின்னால் போக வேண்டுமென்றால் சுவரை இடிக்க வேண்டும். ஷாகிரா சிரித்துவிட்டாள். "அக்கா, பீரோவுக்குள்ள ஏறிக்கிறீங்களா?" என்றாள்.

உங்கள் ஃபிலிம் கேமராவில் 50 வேறு. டிஜிட்டலில் உள்ளே படம் பதிகிற தகடு சின்னது, அதனால் 50 போட்டால் 75 போட்ட மாதிரி நெருக்கிக்கொண்டு வருகிறது. இது உங்களுக்குத் தெரியாதது அல்ல. நீங்கள் தினமும் டிஜிட்டலில்தான் எடுக்கிறீர்கள். ஆனால் பனியனுக்கு முன்னால் இருபதடி இடம் இருக்கிறது. அந்த அறை எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசிக்கவில்லை. யோசித்திருக்கவும் முடியாது. நீங்கள் அந்த மாதிரி அறைக்குள் போனதே இல்லை.

மறுநாளே மதுரைக்குப் போய் 18-55ஐ வாங்கினேன். 18இல் வைத்தால் அறை முழுக்க வருகிறது, பன்னிரண்டு பேர் உட்கார்ந்தாலும் வரும். அதனால் என் முடிவு: 18-55 முக்கியமான லென்ஸ், வெளிச்சத்துக்கு ஒரு ஃபிளாஷ். 50 பையில் இருக்கும். சும்மா கொடுக்கிற லென்ஸ் சும்மாதான் இருக்கும் என்று நீங்கள் எழுதியது தவறு.

இப்போது உங்கள் கடைசி வரி.

"உன் படம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வார்த்தையை ஒன்றேகால் வருஷம் முன்னால், போட்டோகிராபர் சங்கத்து விழா மேடையில் நின்றபோது சொல்லியிருந்தால் இந்தக் கடிதங்களுக்கே வேலை இருந்திருக்காது.

அன்றைக்குச் சிறுமலையில் தூறல். நீங்கள் டீக்கடையில் ஒதுங்கி நின்றீர்கள். வாழைத்தாருடன் நின்ற குதிரையின் முகத்தைக் குதிரைக்கார அம்மா தன் முந்தானையால் துடைத்ததை நான் பார்த்தேன். உங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் எடுத்தேன். சேலையெல்லாம் சேறு. அதை உங்கள் பெயரில் போட்டிக்கு அனுப்பினீர்கள். முதல் பரிசு வந்தது. அதைக்கூட விட்டிருப்பேன். சாப்பாட்டுப் பந்தியில் உங்கள் தம்பி, "சிறுமலைக்கு மதினியும் கூட வந்தாகளாண்ணே?" என்று கேட்டபோது நீங்கள் சொன்னது இது: "ஆமா, அவதான் எனக்குக் கொடை புடிச்சா." எல்லோரும் சிரித்தார்கள். நான் உங்களுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நான் குடை பிடிக்கவில்லை. அன்றைக்கு நம்மிடம் குடையே இல்லை.

ரூபி


திருப்பூர்
5.7.2008

அன்புள்ள ரூபிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அதனால்தான் தாமதம்.

முதலில் லென்ஸ். நீ சொன்னதுதான் சரி. 50 என்று நான் எழுதியபோது என் ஸ்டுடியோவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறையை நினைக்கவில்லை. 18-55ஐ வைத்துக்கொள். 18இல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் முகம் கொஞ்சம் இழுபடும், அதனால் பருமனானவர்களை ஓரத்தில் உட்காரவைக்காதே, ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

இனி மற்றது. போட்டிப் படிவத்தில் சங்க உறுப்பினர் பெயர் என்று இருந்தது. நீ உறுப்பினர் இல்லை. அதனால் என் பெயரை எழுதினேன். முதலில் கிழித்த கடிதத்தில் இதோடு நிறுத்தியிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே அசிங்கமாக இருந்தது.

உண்மை இது. அந்த வருஷம் எனக்குப் புக்கிங்கே இல்லை. என்னிடம் தொழில் பழகியவர்கள் எல்லாம் டிஜிட்டல் வாங்கிப் பறந்துகொண்டிருந்தார்கள். உன் படத்தைக் கழுவி எடுத்த அன்றைக்கே தெரிந்துவிட்டது, நான் இருபது வருஷத்தில் அப்படி ஒன்று எடுத்ததில்லை. சந்தோஷம் வரவில்லை, ரூபி. பயம்தான் வந்தது. மேடையில் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "இது என் மனைவி எடுத்தது" என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட வேண்டாம். அந்த ஒரு நிமிஷமும் நான் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றேன்.

குடை என்று சொன்னது அதைவிடக் கேவலம். தம்பி கேட்டதும், எங்கே கண்டுபிடித்துவிடுவானோ என்று வாயில் வந்ததைச் சொன்னேன். நீ ரசம் ஊற்றியதை நிறுத்தவில்லை. இலை நிறைந்து வழிந்தது. அப்போதே எனக்குத் தெரியும். மறுமாதம் திருப்பூருக்கு வேலைக்கு வந்தேன் என்று ஊரில் சொன்னேன். வேலைக்காக வரவில்லை, உன் முகத்தைப் பார்க்க முடியாமல் வந்தேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நடந்ததை நடந்த மாதிரி எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஆண்டனிராஜ்


மேட்டுப்பட்டி
21.7.2008

அன்புள்ள ஆண்டனிராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதற்கு இப்போது பதில் எழுத முடியவில்லை. எழுதாமல் இருப்பதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொழிலில் ஒரு சந்தேகம். ஃபிளாஷை நேராக அடித்தால் முகத்தில் எண்ணெய் வழிகிற மாதிரி வருகிறது. கூரையைப் பார்த்துத் திருப்பி அடித்தேன். அந்த அறையின் கூரைக்குப் பச்சைப் பெயிண்ட். ஷாகிரா முகம் முருங்கைக்கீரை மாதிரி வந்தது. என்ன செய்யலாம்? தெரிந்தால் எழுதுங்கள்.

ரூபி


திருப்பூர்
26.7.2008

அன்புள்ள ரூபிக்கு,

வெள்ளைத் தெர்மகோல் ஷீட் ஒன்று வாங்கி பீரோவின் மேல் சாய்த்து வை. ஃபிளாஷைக் கூரைக்குப் பதிலாக அதைப் பார்த்துத் திருப்பு. எனக்குத் தோன்றுவது இது. ஆனால் நான் அந்த அறையைப் பார்க்கவில்லை. நீ முதல் நாளே போய்ச் சோதித்துவிட்டு முடிவு செய்.

17ஆம் தேதி ஞாயிறு காலைப் பூசையில் உன்னை நினைத்துக்கொள்வேன்.

ஆண்டனிராஜ்


மேட்டுப்பட்டி
24.8.2008

அன்புள்ள ஆண்டனிராஜ் அவர்களுக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இதை முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

தெர்மகோல் சரியாக வேலை செய்தது. பீரோ மேல் வைத்ததில் முகமெல்லாம் மெத்தென்று விழுந்தது. காலையிலிருந்து 18-55ஐக் கழற்றவே இல்லை. மருதாணிக் கையைப் பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள், எல்லோரும் அந்தப் பத்தடி அறைக்குள். ஒரு அம்மா என் கேமராவைப் பார்த்துவிட்டு, "இம்புட்டூண்டு இருக்கு, இதுலயா எல்லாரும் வருவோம்?" என்று கேட்டார். பின்னால் இருக்கிற திரையில் காட்டினேன். "அடியாத்தி, நம்ம எல்லாரும் இருக்கோம்டி!" என்று கூவினார். அதற்கப்புறம் என்னைக் குழந்தை மாதிரி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலைந்தார்கள்.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. இப்போது தினமும் போகிறதே, அதேதான். மின்விசிறி நின்றதும் அறைக்குள் இருக்க முடியவில்லை. ஷாகிராவைக் கூட்டிக்கொண்டு பின்கட்டு முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். அங்கே கொடியில் வெள்ளை வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. மேலிருந்து இறங்கிய வெயில் வேட்டியில் பட்டு எல்லார் முகத்திலும் விழுந்தது. பெண் முக்காட்டை எடுத்துவிட்டுக் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதீஜா பீ பத்திரிகையால் விசிறினார். ஃபிளாஷ் அடித்தால் உடனே எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று தெரியும். உங்கள் 50ஐ எடுத்து மாட்டினேன்.

அப்போது மூத்த மகள் ஜுலைஹா வந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன் படமே இல்லாமல் கல்யாணம் ஆனவள், இப்போது இரண்டு பிள்ளை. தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து அவள் மாலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம், "அக்கா, இவ மாலைய ஒரு செத்த நேரம் நான் போட்டுக்கிறேன். என்னையும் ஒண்ணு எடுத்துக் குடுக்குறீங்களா?" என்றாள். சொன்னதும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. வேண்டாம் என்று எழுந்தாள். ஷாகிராதான் அவளை உட்காரவைத்து, மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டு, தன் முக்காட்டையும் அவள் தலையில் போட்டாள். கதீஜா பீ விசிறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

பதினோரு படம் எடுத்தேன். கையால் ஃபோகஸ் திருப்பியதில் ஏழு மங்கலாகிவிட்டது. நாலு சரியாக வந்திருக்கிறது. அந்த நாலில் ஒன்றில் மகள் அம்மாவைப் பார்க்கிறாள், அம்மா மகளைப் பார்க்கிறார். சிறுமலைப் படத்தை விட நல்ல படம் அது. இதை நானே சொல்லிக்கொள்வது எனக்கு வழக்கமில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

அதற்கப்புறம் அந்த முற்றத்தில் வரிசையே நின்றுவிட்டது. தங்கள் கல்யாணத்தில் படமே இல்லாத பெண்கள் ஒவ்வொருவராக மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். ஐம்பது வயதுக்காரர்கூட.

பிரிண்ட் போட மதுரையில் ஒரு லேபில் பேசிவைத்திருக்கிறேன். அங்கே மெஷினில் உட்காருவது ஒரு பெண். நான் பக்கத்திலேயே நின்று வாங்கி வருகிறேன்.

அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்ப முடியாது. உங்களுக்கே தெரியும். கையூம் பாய்க்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் ஜூலை மாதக் கடிதத்தை மறுபடியும் படித்தேன். பயம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோதுதான் எனக்கும் அழுகை வந்தது. ஆனால் நீங்கள் எழுதியது எனக்கு மட்டும்தானே. அன்றைக்குச் சிரித்தது நான் இல்லையே.

ரூபி


திருப்பூர்
8.9.2008

அன்புள்ள ரூபிக்கு,

உன் கடைசி வரி எனக்கு விளங்கியது.

ஆகஸ்ட் 31ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நம் ஊரில் சங்கத்தின் வருஷக் கூட்டம். நான் போனேன். செயலாளர் கருப்பணன் அண்ணனிடம் இரண்டு நிமிஷம் கேட்டேன். பரிசுக் கேடயத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மேடையில் ஏறி, "போன தடவை முதல் பரிசு வாங்குன சிறுமலைப் படம் நான் எடுத்ததில்ல. என் மனைவி ரூபி எடுத்தது. தெரிஞ்சேதான் என் பேரப் போட்டேன்" என்று சொன்னேன். என் தம்பி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்து, "கொடை புடிச்சான்னு சொன்னதும் பொய்" என்றேன்.

பின்னாலிருந்து ஒருவர், "பொண்டாட்டி எடுத்தா என்ன, புருசன் எடுத்தா என்னப்பா? ஒரே வீடுதானே?" என்று சிரித்தார். "ஒரே வீடாத்தாங்க இருந்துச்சு" என்றேன். அதற்குமேல் அவர் சிரிக்கவில்லை. கேடயத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். வெளியே வந்து நடந்தபோது பசித்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் நன்றாகப் பசித்தது.

பஸ் ஸ்டாண்டில் உன் ஜெராக்ஸ் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. நீ உள்ளே ஒரு பிள்ளையை ஸ்டூலில் உட்காரவைத்துத் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தாய். எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். நீ வரச்சொல்லவில்லை என்பதால் வரவில்லை. தாராபுரம் வழியாகத் திருப்பூர் போகிற பஸ் ஏறிவிட்டேன்.

நீ எடுத்த படத்தைப் பற்றி நிறைய நேரம் யோசித்தேன். வேட்டி வெளிச்சத்தில் அம்மாவும் மகளும். உன் படம் ஒன்றுக்கு என் பெயரைப் போட்டேன். இப்போது உன்னுடைய நல்ல படத்தை என்னால் ஒரு தடவை பார்க்கக்கூட முடியாது. இது சரியாகத்தான் இருக்கிறது. நல்ல படம் என்று நீ சொன்னால் அது நல்ல படம்தான்.

50ஐ இரவல் என்று எழுதியிருந்தாய். திருப்பித் தர அவசரமில்லை.

ஆண்டனிராஜ்


மேட்டுப்பட்டி
3.10.2008

மரியே வாழ்க

அன்புள்ள உங்களுக்கு,

கருப்பணன் அண்ணன் போன வாரம் கடைக்கு வந்தார். கேடயத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பழைய பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டப்போகிறார்களாம். "ரூபி ஆண்டனிராஜ்னு வெட்டிரலாமாம்மா?" என்று கேட்டார். ரூபி என்று மட்டும் வெட்டினால் போதும் என்றேன். சங்கத்தில் சேரப் படிவமும் கொடுத்தார். நிரப்பிக் கொடுத்துவிட்டேன். உங்கள் தம்பியும் வந்தார். வாசலிலேயே நின்று, "மதினி, எனக்குத் தெரியாது மதினி" என்றார். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன்.

நீங்கள் எதிர்ப்பக்கம் நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். கூப்பிட்டிருக்க மாட்டேன். மேடையில் நடந்தது அப்போது எனக்குத் தெரியாதே. அதனால் நீங்கள் பஸ் ஏறியதும் நல்லதுதான்.

நோன்பு முடிந்துவிட்டது. அந்த முற்றத்தில் வரிசையில் நின்றவர்களில் மூன்று பேர் வீட்டில் கல்யாணம், மூன்றுக்கும் நான்தான். முதலாவது 12ஆம் தேதி ஞாயிறு. மாப்பிள்ளையின் அத்தா அக்பர் அலி பாய் இரண்டு பக்கமும் சேர்த்து என்னையே எடுக்கச் சொல்கிறார். பெண்கள் பக்கத்தை விட்டு என்னால் ஆண்கள் பக்கம் போக முடியாது. இன்னொரு ஆள் வேண்டும்.

நீங்கள் வருவீர்களா? என் நிபந்தனைகளை முன்னாலேயே எழுதிவிடுகிறேன். ஆல்பத்தில் என் பெயர்தான் இருக்கும். ஆண்கள் பக்கம் நீங்கள் எடுக்கிற படத்துக்குக் கீழே உங்கள் பெயர் தனியாக வரும். யார் எடுத்ததோ அவர் பெயர். பெண்கள் பக்கப் படங்களைக் கம்ப்யூட்டரில் நான் பார்க்கும்போது நீங்கள் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். என்ன லென்ஸ் கொண்டுவருவது என்று என்னைக் கேட்க வேண்டாம். அது பெரிய மண்டபம், இருபதடி என்ன, நாற்பதடி இடம் இருக்கிறது. முன்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அதற்கப்புறம் என்ன என்று எனக்கு இப்போது தெரியாது. ஒரு கல்யாணத்தை ஒழுங்காக எடுத்து முடிப்போம்.

11ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலமே வந்தால்தான் மண்டபத்தைப் பார்க்க முடியும். அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். தலை நிமிராமல், உரித்துக்கொண்டிருந்த பூண்டை உரித்து முடித்தார். நான் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். இன்று காலையில் மீன்காரர் வண்டி மணி அடித்தது. நான் உள்ளே இருந்தேன். வாசலில் அம்மா சொன்னது கேட்டது: "அடுத்த வாரம் சனிக்கெழம ஒரு கிலோ சேத்துக் கொண்டாப்பா. மருமகன் வாராரு."

அன்புடன்,
ரூபி